விளையாட்டின் பாஷை யாருக்காக?

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



இவ்விழாவில் எதைப்பற்றிப் பேசுவது என்று நாம் கேட்டபோது, இங்குள்ள வாலிபர்கள் "பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப்பற்றிப் பேசுங்கள்" என்று சொன்னார்கள். நமக்கு ஆச்சரியமாகவே இருந்தது. பந்தும் மட்டையும் நமக்குப் பழக்கமில்லாதவை. நாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மீதிப் படிப்பை இம்மாதிரிப் படிப்பகங்களிலேயே தேடிக்கொண்டவர்கள். ஆனால் அவர்கள் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

சென்ற மாதம் ஒருநாள் மாலை ஒரு வாலிபர் இங்கு கிரிக்கெட் சேதியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கிப் பிழைக்கின்ற ஒரு பெரியவர் தினமும் வந்து கேட்பது வழக்கம். அவருக்கு எழுத்து தெரியாது. காதால் கேட்டே உலகத்தைத் தெரிந்துகொள்ளுகின்றவர். அவர், "தம்பி, மெய்டன் ஓவர்னா என்னப்பா?" என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். "என்ன பெரியவரே, இதுகூடத் தெரியாமலா தினமும் வந்து கேக்கறீங்க?" என்றார் ஒருவர். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பத்து நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

நாம் அவர் வீட்டிற்குப் போய் விசாரித்தோம். "எம் பேத்தி பள்ளிக்கூடத்துல பந்து வீசுதுங்க. 'இன்னிக்கு ரெண்டு மெய்டன் போட்டேன் தாத்தா'ன்னு வந்து சொல்லுச்சு. அதுக்குச் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமான்னு எனக்குத் தெரியல. அதான் கேட்டேன்" என்றார்.

தோழர்களே! பேத்தியின் வெற்றிக்கும் தாத்தாவின் சந்தோஷத்திற்கும் நடுவில் ஒரு வார்த்தை சுவராய் நின்றது. நாம் இங்கு திரும்பி வந்து, சிரித்தவர்களிடமே அதற்கு அர்த்தம் கேட்டோம். ஒரு ஓட்டமும் கொடுக்காத ஓவர் என்றார்கள். சரி, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அர்த்தம் அறியாமல் மந்திரம் சொல்லுகின்ற புரோகிதருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். சொல்பவருக்கும் விளங்காது, கேட்பவருக்கும் விளங்காது. ஆனால் கேள்வி கேட்பவன் மாத்திரம் முட்டாள்!

நிற்க. தனி வார்த்தைகளே கூடாதென்பது நமது கட்சியல்ல. கொத்தனாருக்கு ரசமட்டம் உண்டு. தச்சருக்கு இழைப்புளி உண்டு. நெசவாளருக்குப் பாவும் ஊடையும் உண்டு. அவையில்லாமல் வேலை நடக்காது. விளையாட்டுக்கும் அப்படியே. ஆனால் வார்த்தைகளில் இரண்டு வகை இருக்கின்றன. வேலைக்கு உதவுகின்ற வார்த்தை ஒன்று. ஆளை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவுகின்ற வார்த்தை மற்றொன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதால் நமக்குப் பேதம் தெரிவதில்லை.

முதல் வகைக்கு உதாரணம் சொல்லுகின்றோம். அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூவரை வெளியேற்றினால் 'ஹாட்ரிக்' என்கின்றார்கள். 1858இல் இங்கிலாந்தில் ஷெபீல்ட் நகரத்தில் ஸ்டீபன்சன் என்பவர் அப்படிச் செய்தபோது, கூடியிருந்தவர்கள் காசு வசூலித்து ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். ஹாட் என்றால் தொப்பி. அவ்வளவுதான் அதிலுள்ள அதிசயம்! ஓட்டமே எடுக்காமல் வெளியேறினால் 'டக்' என்கின்றார்கள். பூஜ்யம் பார்வைக்கு வாத்து முட்டை மாதிரி இருப்பதால் வந்த பேச்சு அது. நம் பிள்ளைகள் கணக்கில் முட்டை வாங்கினேன் என்று சொல்லுவதும் அதேதான். 'அம்பயர்' என்பதோ பழைய பிரெஞ்சில் 'ஜோடி சேராதவர்', அதாவது எந்தக் கட்சியையும் சேராதவர் என்னும் பொருளுடைய ஒரு சொல். இங்கிலாந்துக்காரர்கள் 'ஏ நம்பயர்' என்பதை 'ஆன் அம்பயர்' என்று காதில் வாங்கி, அந்தப் பிழையையே சரியான வார்த்தையாக்கிக் கொண்டார்கள். ஆகவே வார்த்தை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் உண்டாக்கியது, மனிதனால் மாறக்கூடியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். அதே இங்கிலாந்தில் 1806இல் தொடங்கி 1962 வரையில் 'ஜென்டில்மென்' என்ற ஒரு கட்சிக்கும் 'ப்ளேயர்ஸ்' என்ற ஒரு கட்சிக்கும் பந்தயம் நடந்து வந்தது. முதலாவது கனவான்கள், கூலி வாங்காமல் ஆடுவதாகச் சொல்லிக் கொள்ளுகின்றவர்கள். இரண்டாவது வெறும் ஆட்டக்காரர்கள்; அதாவது கூலிக்கு ஆடுகின்ற உழைப்பாளிகள். இருவருக்கும் உடை மாற்றிக்கொள்ளத் தனித்தனி அறை. மைதானத்திற்குள் நுழையப் பல இடங்களில் தனித்தனி வழி. அது போதாதென்று அச்சிலும் தீண்டாமை! ஓட்டக் கணக்குத் தாளில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால் வரும்; கூலிக்காரருக்குப் பெயருக்குப் பின்னால் வரும். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற 17 வயதுக் கூலி ஆட்டக்காரருக்குத் தலைப்பெழுத்தை முன்னால் அச்சடித்து விட்டார்கள். உடனே ஒலிபெருக்கியில், அது பிழை, பெயருக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று ஊரறிய அறிவித்தார்கள். இரண்டு எழுத்து இடம் மாறியதற்கே இவ்வளவு பதட்டமென்றால், அந்த எழுத்து பெயரைக் குறித்ததா, ஜாதியைக் குறித்ததா?

கூலி வாங்காத கனவான்களின் யோக்கியதையையும் பாருங்கள். அவர்களில் தலைசிறந்தவராகிய டபிள்யூ. ஜி. கிரேஸ் 1873இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஆடுவதற்கு 1,500 பவுன் வாங்கினார். உடன் போன கூலிக்காரர்களுக்குக் கிடைத்ததைவிட அது பல மடங்கு. ஆனாலும் அவர் கனவான்; அவர்கள் கூலிக்காரர்கள். இந்தப் பித்தலாட்டத்திற்கு அந்த ஒரு வார்த்தைதான் காவல் நின்றது. 1952இல்தான் லென் ஹட்டன் என்ற கூலி ஆட்டக்காரர் இங்கிலாந்துக்குத் தலைவராக முறைப்படி நியமிக்கப்பட்டார். அந்த நூற்றாண்டில் அப்படி நியமிக்கப்பட்ட முதல் கூலி ஆட்டக்காரர் அவரே.

வெள்ளைக்காரனை மாத்திரம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பம்பாயில் 1912 முதல் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள் என்று மதத்தின் பேராலும் இனத்தின் பேராலும் நான்கு கட்சிகள் கட்டி ஆடினார்கள். 1937இல் ஐந்தாவது கட்சி ஒன்று சேர்ந்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தி ரெஸ்ட்', அதாவது 'மிச்சமுள்ளவர்கள்'! கிறிஸ்தவர் முதலியோரெல்லாம் மிச்சம்! அந்த மிச்சத்தில் ஒருவரான விஜய் ஹசாரே 1943இல் இந்துக் கட்சிக்கு எதிராகத் தம் கட்சி எடுத்த 387 ஓட்டங்களில் 309ஐத் தாம் ஒருவராகவே அடித்தார். மிச்சத்தின் கை அப்படி இருந்தது! இந்தப் பந்தயம் 1946இல் ஒழிந்தது.

அந்த இந்துக் கட்சிக்கு அதற்கு முன் பந்து வீசிப் பேர் வாங்கிக் கொடுத்தவர் பல்வங்கர் பாலூ. தோல் தொழில் செய்யும் ஜாதி என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். புனாவில் அவர் வீசிய பந்தை மற்ற இந்துக்கள் தொடலாம். ஆனால் தேநீர் வேளையில் அவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அப்படியிருந்தும் அவரை ஒருநாளும் தலைவராக்கவில்லை. அவர் தம்பிமார் எதிர்த்து நின்ற பிறகே, 1923இல் தம்பி விட்டல் தலைவரானார். மைதானத்தில் 'இந்து' என்ற வார்த்தைக்குள் பாலூவைச் சேர்த்துக்கொண்டவர்கள், தேநீர் வந்தவுடன் அதே வார்த்தையை விட்டு அவரை வெளியே தள்ளினார்கள். இதைவிட நாணயமற்ற வார்த்தை ஒன்று இருக்க முடியுமா?

அடுத்தபடியாக மூடநம்பிக்கை வார்த்தைகள். கணக்கில் 111 வந்தால் 'நெல்சன்' என்றும், அது அபசகுனம் என்றும் இங்கிலாந்தில் பேசுவார்கள். டேவிட் ஷெப்பர்ட் என்ற நடுவர் அந்த எண் வந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது வழக்கமாயிருந்தது! நெல்சன் என்ற கடற்படைத் தலைவருக்கு ஒரு கண், ஒரு கை, ஒரு கால் என்று அதற்கு விளக்கமும் சொல்லுவார்கள். உண்மையில் அவர் ஒரு கண்ணின் பார்வையையும் ஒரு கையையும் இழந்தாரே தவிர, சாகும்வரையில் இரண்டு காலோடுதான் இருந்தார். ஆஸ்திரேலியாவிலோ 87தான் சகுனத் தடை. 100க்கு 13 குறைகின்றதாம்! ஒரு கடல் தாண்டினால் சகுனத்திற்கே எண் மாறிவிடுகின்றது. நமது பத்திரிகைகளும் சளைத்தவையல்ல. 'ராசியான மைதானம்' என்கின்றார்கள். 'கிரிக்கெட் கடவுள்' என்கின்றார்கள். பல வருஷம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்து, கை காய்த்துப்போன ஒருவனைக் கடவுள் என்று சொன்னால், அவன் பாடெல்லாம் என்னாயிற்று? புகழ்வதுபோல் அவன் உழைப்பைத் திருடுவதற்குப் பெயரே அது.

பெண்கள் விஷயத்திற்கு வருவோம். 'மெய்டன்' என்றால் கல்யாணமாகாத கன்னி. ஒன்றும் பெறாத ஓவருக்கு அப்பெயர் வைத்தவர்கள், பெண்ணைப் பிள்ளைப்பேற்றால் அளந்தவர்களே. மட்டை பிடிப்பவருக்கு 'பேட்ஸ்மேன்', அதாவது மட்டைக்கார ஆண் என்று பெயர். பெண்கள் 1934லேயே டெஸ்ட் பந்தயம் ஆடினார்கள். ஆனால் ஆட்டத்தின் சட்டத்தை எழுதுகின்ற எம்.சி.சி. சங்கம் 1998 வரையில் பெண்ணை அங்கத்தினராகவே சேர்க்கவில்லை. சட்டத்தில் 'பேட்டர்' என்ற பொதுச் சொல்லைப் போட 2021 ஆயிற்று. இடது கையால் மணிக்கட்டைத் திருப்பி வீசும் பந்துக்குச் 'சைனாமேன்', அதாவது சீனாக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஓர் இனத்தை இழிவு செய்வதென்று விஸ்டன் ஆண்டுமலர் 2018இல் கைவிட்டது. இவை மாறியதால் பந்து சுழலாமல் நின்றுவிட்டதா? ஆட்டத்தின் அழகுதான் கெட்டுவிட்டதா?

ஆனால் தமிழில் நாம் மாற்றவேண்டிய கஷ்டமே இல்லாத ஒரு சௌகரியம் இருக்கின்றது. 'மட்டையாளர்', 'பந்துவீச்சாளர்', 'நடுவர்' என்ற சொற்களில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. மரியாதை மாத்திரம் இருக்கின்றது. இலங்கைத் தமிழர்கள் 'துடுப்பாட்டம்' என்கின்றார்கள். மட்டை துடுப்புப் போலிருப்பதைக் கண்ணால் கண்டு வைத்த பேர். வானொலியில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலியவர்கள் ஆட்டத்தைத் தமிழில் சொல்லி, ஆங்கிலம் அறியாதவர்களும் கேட்டு அனுபவிக்கச் செய்தார்கள். அப்படியிருக்க இன்றைய சங்கதியென்ன? நம் சடுகுடுவில் மூச்சை அடக்கிப் 'பாடிப் போனவன்' இன்று 'ரெய்டர்' ஆகிவிட்டான். இரவல் சட்டையை நாமே நம் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, அவனை அடையாளம் தெரியவில்லை என்கின்றோம்.

இதனால் விக்கெட், கோல் என்பவற்றையெல்லாம் துரத்திவிட வேண்டுமென்று நாம் சொல்லவரவில்லை. ஊர் முழுவதும் புரிந்துகொண்ட வார்த்தை நம்முடையதே. யாருக்கும் புரியாத செந்தமிழ்ச் சொல்லைப் புதிதாகக் கட்டிவிடுவதும் மற்றொரு மந்திரமாகவே முடியும். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: ஒரு வார்த்தையைக் கண்டால், இது ஆட்டத்தை விளக்குகின்றதா, ஆளைத் தாழ்த்துகின்றதா என்று கேளுங்கள். விளக்கினால் வைத்துக்கொள்ளுங்கள், தாழ்த்தினால் தள்ளிவிடுங்கள்.

இங்குள்ள வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லுகின்றோம். வாசலிலுள்ள கரும்பலகையில் தினம் ஒரு விளையாட்டு வார்த்தையை எழுதி, அதன் அர்த்தத்தையும் வந்த விதத்தையும் இரண்டு வரியில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் கேட்டால் படித்துக் காட்டுங்கள். முதல் நாள் வார்த்தையாக 'ஓட்டமில்லா ஓவர்' என்று எழுதுங்கள்.

அந்தப் பெரியவர் இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். அவருக்கு நாம் அன்றே பதில் சொல்லிவிட்டோம். இங்கு எல்லோரும் கேட்கும்படி மறுபடியும் சொல்லுகின்றோம். ஐயா! உங்கள் பேத்தி வீசிய பன்னிரண்டு பந்துகளில் எதிர்க்கட்சியால் ஒரு ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை. நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்படலாம். அன்று கேள்வி கேட்ட நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. சிரித்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நாம் சொன்னதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.