புகையிலை ஆராய்ந்த அம்மையார்

(சாணார்பட்டியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திண்டுக்கல் என்றவுடன் பூட்டும் புகையிலையும் நினைவுக்கு வருதல் இயல்பு. இச்சீமையின் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தது. ஆயினும் புகையிலையைப் புகழும் நோக்கம் எனக்கில்லை. அது வாய்ப்புற்றுக்கும் நுரையீரற் புற்றுக்கும் காரணம் என்பதை வைத்திய சாஸ்திரம் ஐயமற நிலைநாட்டியிருக்கின்றது. அச்செடியை ஆராய்ந்தோர் கண்ட உண்மைகள் தக்காளிக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் பயன்படுவனவாம். இவை யாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலின் அவ்வாராய்ச்சியைப் பற்றிச் சில சொல்ல முன்வந்தேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. என் இளமையில் எங்கள் தோட்டத்துப் புகையிலை திடீரென இளம்பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல் படர்ந்து சுருங்கியது. கண்ணேறு என்றார் ஒருவர். கிணற்று நீரின் குற்றம் என்றார் மற்றொருவர். திருஷ்டிப் பூசணி கட்டினோம். அவ்வாண்டு இலைக்கு விலையில்லை. கடனுக்காக உழவு மாடு இரண்டும் விலைபோயின. அன்று நாற்று நட்ட எங்கள் அனைவர் வாயிலும் புகையிலை இருந்தது. அதைக் கசக்கிய கையாலேயே நாற்றைத் தொட்டோம். நோயைச் சுமந்து சென்றது எங்கள் கையாகவே இருத்தல் கூடும் என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தேன்.

இத்தேமல் நோயே உலக விஞ்ஞான சரித்திரத்தில் ஒரு புது வாயிலைத் திறந்தது. ஹாலந்து தேசத்தில் அடால்ஃப் மேயர் என்பார், நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் அதற்கும் நோய் காண்பதை 1886-இல் வெளியிட்டார். ருஷ்ய தாவர நூல் அறிஞர் திமித்ரி இவனோவ்ஸ்கி, புகையிலைத் தோட்டங்களுக்கே சென்று நோயை நேரிற் கண்டவர். அவர் அச்சாற்றைப் பாக்டீரியாவும் புக இயலாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைத் தந்ததென 1892-இல் அறிவித்தார். 1898-இல் பெய்ஜரிங்க் என்பார் இதற்கு வைரஸ் என்னும் பெயரை வழங்கினார். 1935-இல் அமெரிக்கராகிய ஸ்டான்லி அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்து, 1946-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மாந்தரைப் பீடிக்கும் எத்தனையோ வைரஸ் நோய்களை அறிவதற்கு முதற்படி புகையிலை இலையிலேதான் அமைந்தது.

நம் இந்திய தேசத்தில் புகையிலையை முறைப்படி ஆராய்ந்தோருள் முன்னிற்பவர் ஒரு பெண்மணி. 1876-இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் தாவர நூல் பயின்ற கேப்ரியல் அம்மையார், 1905-இல் பம்பாயில் ஆல்பர்ட் ஹோவர்டு என்பாரை மணந்து, பீகாரிலுள்ள பூசா விவசாய ஆராய்ச்சி சாலைக்கு வந்தார். ஆரம்பத்தில் தமக்கெனப் பதவியின்றியே கணவருடன் உழைத்தார். இந்தியப் புகையிலை வகைகளைப் பிரித்து விவரிக்கும் நூல்களை இருவரும் 1910-இல் வெளியிட்டனர். புகையிலையில் குணங்கள் தலைமுறைதோறும் இறங்கும் விதத்தைப் பற்றி அம்மையார் தனித்து எழுதிய நூல் 1913-இல் வந்தது. அவ்வாண்டே அரசாங்கத்தின் இரண்டாம் பொருளாதாரத் தாவர நூலறிஞர் பதவி அவருக்குக் கிடைத்தது. 1924 முதல் இந்தூரில் பணியாற்றி, 1930-இல் காலமானார்.

இப்பணியின் அருமையை எண்ணிப் பார்மின். புகையிலை விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் அடங்கும். தேனீ ஒன்று வேற்று மகரந்தத்தைக் கொணர்ந்தாலும் இனம் கலந்துவிடும். ஆகவே பூங்கொத்தை மூடிக் காத்து, விதையைத் தனித்தனியே எடுத்து விதைத்து, இலையின் நீளம், அகலம், காம்பு, நிறம் ஆகியவற்றைச் செடி செடியாகக் குறித்தல் வேண்டும்.

இலை நோயைப் பற்றியும் பூசா ஒரு பாடம் கற்பித்தது. முதற்சில ஆண்டுகளில் அங்கே மலிந்திருந்த புகையிலை வைரஸ் நோய், சொந்த விதை, செம்மையான நாற்றங்கால், கருத்தான நடவு ஆகியவற்றைக் கைக்கொண்டபின் மறைந்ததென ஆல்பர்ட் ஹோவர்டு தாம் 1940-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். நல்ல மண்ணே நோயை நீக்குமென்பது அவர் கொள்கை. தேமல் வைரஸ் கையாலும் கருவியாலும் உலர்ந்த இலைத் தூளாலும் பரவுவதென்பதை இன்று அறிவோம். ஆயினும் அவர் சொன்ன கருத்தான கைப்பழக்கம் இவ்விரு வழியிலும் பயன் தருவதே.

நம் அருகிலேயே, வேடசந்தூரில், 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. சுருட்டுப் புகையிலையும் மெல்லும் புகையிலையும் அங்கே ஆராயப்பட்டன. நம்மில் எத்துணை பேர் அதன் வாயிலை மிதித்தோம்? யானும் மாடு விற்ற காலத்தில் மிதித்தவனல்லன்.

இனி நம் தோட்டத்தில் செய்யத்தக்கன கூறுவேன். தேமல் கண்ட செடிக்கு மருந்தில்லை. அதனைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்துக. நாற்றைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுக. வயலில் புகையிலை மெல்லுதலையும் புகைத்தலையும் விடுக. உடம்புக்கும் அதுவே நலம். நோயுற்ற செடியைத் தொட்ட கையால் நல்ல செடியின் நுனியைக் கிள்ளற்க. தக்காளி இலைச்சுருள் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. ஆதலின் நாற்றங்காலை நுண்ணிய வலையால் மூடுக. சந்தை நாற்றை வாங்குமுன் இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பார்க்க.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். நாற்றங்காலில் நாள் முழுதும் குனிந்து இலையைப் பார்ப்பவர் நம் பெண்மக்களே. அக்கண்ணுக்குக் கல்வியும் சேர்ந்தால் அவருள் தாவர நூலறிஞர் பலர் தோன்றுவர். பெண்ணை விவசாயக் கல்லூரிக்கு அனுப்ப நினைப்போர் நம் சங்கச் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுக்குமாறு வேண்டுகின்றேன்.