பெருங்குளத்தில் நீர் நின்ற வரலாறு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மேடைப் பழக்கம் இல்லாத எங்களைச் செயலாளர் அவர்கள் பேச நிறுத்திவிட்டார்கள். வரலாற்றுப் புலமையும் எங்களுக்கு இல்லை. பள்ளியிறுதியோடு நின்ற படிப்பு. ஆயினும் அண்மையில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் மொகஞ்சதாரோவின் பெருங்குளம் கட்டப்பெற்றது. அக்கதையைச் சொல்லுகிறோம்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், சிந்துவெளி மாதிரி ஒன்றைப் பத்து நாட்களுக்குள் செய்து கொண்டுபோக வேண்டும் என்றாள். கடையில் வாங்கிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். அங்கே தெர்மோகோலில் செய்த தாஜ்மகாலும் செங்கோட்டையும் இருந்தன, பெருங்குளம் இல்லை. அதனால் பிழைத்தோம்.

உண்மைக் குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நாற்பதில் ஒரு பங்காக்கினால் 30 சென்டிமீட்டர், 17.5, 6. கணக்கு எளிதாயிருந்தது, கைவேலை அவ்வாறு இல்லை. அட்டைப் பெட்டியில் களிமண் பூசி, வடக்கிலும் தெற்கிலும் படிகள் வைத்தோம். அக்காலத்துச் செங்கல் உயரம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு என்னும் விகிதமுடையது. 28 சென்டிமீட்டர் நீளக் கல் எங்கள் அளவில் 7 மில்லிமீட்டர்தான் வரும். இருநூறு கல் அறுப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. மீதியை ஈரமண்ணில் ஊசியால் கீறி முடித்தோம்.

நீருக்குப் பதிலாக நீலத்தாள் ஒட்டலாம் என்றோம். "குளம் என்றால் தண்ணீர் நிற்க வேண்டாமா, அப்பா?" என்றாள் மகள். அவள் உறங்கியபின் நாங்களே தாளை ஒட்டி, கோணலாயிருந்த அவளுடைய படிகளையும் நிமிர்த்தி வைத்தோம். காலையில் அவள் அழவில்லை. "அழகாய்த்தான் இருக்கிறது; ஆனால் இது நீங்கள் செய்தது" என்று சொல்லிப் பள்ளிக்குப் போய்விட்டாள். அன்று அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டிலும் எங்களுக்கு மனம் செல்லவில்லை.

மாலையில் தாளைக் கிழித்தோம். அவள் நீர் ஊற்றினாள். அட்டை ஊறித் தெற்குப் படி சரிந்தது. பண்டையோர் கற்களை ஜிப்சம் சாந்திட்டு நெருக்கி அடுக்கி, நீர் கசியாதிருக்க நிலக்கீலும் பூசியது ஏன் என்பதை ஒரு குவளைத் தண்ணீர் கற்பித்துவிட்டது. இம்முறை பலகைப் பெட்டி. உள்ளே கூரைக்குப் பூசி மிஞ்சிய தார். அதன்மேல் சிமெண்டுச் சாந்து. படிகளை அவளே வைத்தாள். தரையைத் தென்மேற்கு மூலைக்குச் சரித்து, அங்கே பழைய பேனாக் குழலை வடிகாலாகப் பதித்து, மெழுகால் அடைத்தாள்.

பாடத்தைப் புரட்டியவள் திடீரென்று கேட்டாள்: "ஹரப்பாவின் செங்கற்களை ரயில்வேக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்களாமே, அப்பா?"

சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டோம். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது அது. லாகூர்–முல்தான் பாதையில் ஏறக்குறைய நூறு மைலுக்கு அம்மேட்டின் கற்களே ஜல்லியாயின என்று கன்னிங்ஹாம் எழுதினார். அங்கே எத்தகைய நாகரிகம் புதைந்திருந்தது என்பதை 1924இல்தான் ஸர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தார். ரயில்வேயின் உப்பைத் தின்பவர்கள் நாங்கள். சாக்குச் சொல்ல நா எழவில்லை. "ஆம், அம்மா" என்றோம்.

அவள் சரிந்த முதற்குளத்தின் இருநூறு கற்களையும் பொறுக்கி வந்து, புதுக்குளத்தின் ஓரத்தில் பரப்பி, அவற்றின்மேல் இரண்டு கம்பிகளைத் தண்டவாளமாக வைத்தாள். "அது ஹரப்பா, இது ஏறத்தாழ நானூறு மைலுக்கு அப்பாலுள்ள மொகஞ்சதாரோ" என்று மறுத்தோம். அதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டாள்.

பள்ளியில் குளம் நீர் தாங்கிற்று. ஆசிரியை மெழுகை எடுக்கச் சொன்னாராம். அடியில் கிண்ணம் வைக்க மறந்ததால் மேசை முழுதும் நனைந்ததாம். தெற்குப் படி இன்றும் கோணல்தான். குளம் எங்கள் வீட்டு அலமாரியின்மேல் இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்கலாம்.