ஆய்வுக்கு வந்தவர்கள் திரும்பி வந்தார்களா?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘வட்டார வளர்ச்சியில் பல்கலைக்கழகத்தின் பங்கு’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் திருவொற்றியூரில் வளர்ந்தவள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதனால் இந்தத் தலைப்பை எங்கள் ஊரிலிருந்தே பார்க்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ரயில் கூவத்துக்கு வடக்கே வந்தது. பல்கலைக்கழகம் கூவத்துக்குத் தெற்கே சேப்பாக்கத்தில் அமைந்தது. பிறகு வந்த ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் இரண்டும் இன்னும் தெற்கே போயின. வடக்கே எங்களுக்கு வந்தவை வேறு. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம், 2001-இல் எண்ணூர் துறைமுகம். கை வேலை ஒரு பக்கம், மூளை வேலை இன்னொரு பக்கம் என்று பிரித்து வைப்பது சாதிக்குப் பழகிய வேலை. இந்த நகரத்தின் வரைபடத்திலும் அது தெரிகிறது.

வடசென்னையில் கல்லூரிகளே இல்லை என்று சொல்லவில்லை. தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி எல்லாம் நம் பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் படிக்க வைத்தவை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் இங்கே பட்டம்தான் கிடைக்கிறது. எங்கள் ஆற்றையும் காற்றையும் பற்றிய பெரிய ஆய்வு என்றால், அது தெற்கிலிருந்து கிளம்பி வருகிறது. தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கிறது, படிவத்தை நிரப்புகிறது, திரும்பிப் போகிறது. அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் தெருவில் ஓடினார்கள்.

சில மாதங்கள் கழித்து நான் கேள்வித்தாளோடு ஒரு குப்பத்துக்குப் போனேன். ஓர் ஆயா. வாழ்நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடித்தவர். எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, உன்ன மாரி எத்தினி பேரு வந்து எழுதினு போயிருக்காங்க. எழுதுனத ஒருத்தராச்சும் வந்து படிச்சுக் காட்டுனாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. ஆய்வு நெறிமுறை பற்றி ஒரு தாளே எழுதித் தேர்வானவள் நான். எழுதியதைத் திரும்ப வந்து படித்துக் காட்ட வேண்டும் என்று அதில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அத்தியாயம் முடிந்ததும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் உட்கார, சத்தமாகப் படித்தேன். “பெண்களின் இறால் சேகரிப்பு ஒரு துணைத் தொழில்” என்ற வரி வந்தது. ஆயா நிறுத்தினார். “துணைத் தொழில்னா இன்னா?” விளக்கினேன். “வலையில ஒண்ணும் வுழலன்னா எங்க வூட்ல அடுப்பு எரியறது இந்தப் பறியில வர்ற இறால்லதான். அது எப்டிம்மா துணை ஆவும்?”

தோழர்களே, இது வெறும் சொல் சண்டை இல்லை. எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். படகு கணக்கில் வந்தது. பறி வரவில்லை. ஆறு நாறிக் கிடந்த நாட்களில் அந்தப் பெண்களின் கை எத்தனை நாள் சும்மா இருந்தது, எவ்வளவு போனது என்று கேட்டால், எடுத்துக் காட்ட ஏடு வேண்டும். ‘துணைத் தொழில்’ என்று என்னைப் போன்றவர்கள் எழுதி வைத்த ஏடுதான் இருக்கிறது.

அந்த வரியை மாற்றினேன். “இதற்கு மேற்கோள் எங்கே?” என்று பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். அச்சில் வந்தால் அறிவு, ஆயா சொன்னால் வெறும் தகவல்.

ஆனால் நடந்தது என்ன? அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் கலக்கிறது, ஆறு தூர்கிறது என்று மீனவர்கள் வருஷக்கணக்கில் சொன்னார்கள். அவர்களே வழக்குப் போட்டார்கள். அறிவியலாளர்கள் கொண்ட குழு வந்து பார்த்தது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆற்றைச் சீர்படுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. மக்களின் அறிவும் ஆய்வகமும் ஒரே பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. தீர்ப்பு முழுதாக நிறைவேறுவது இன்னொரு போராட்டம்.

கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014-இல் உன்னத பாரத இயக்கம் தொடங்கியது. கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-லேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. அதனால் அந்தக் கணக்கில் நாங்கள் கிராமமும் இல்லை. அது போகட்டும், தத்தெடுக்க நாங்கள் என்ன அநாதைகளா? இந்த நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் உரமும் எங்கள் நிலத்திலிருந்து போயின. நாங்கள் கேட்பது சேவை இல்லை, பாக்கி.

அந்தப் பாக்கியில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, இந்தப் பகுதியில் செய்யும் எந்த ஆய்வையும் சமர்ப்பிக்கும் முன் தமிழில் அந்த மக்களிடம் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் திருத்தினால் திருத்தியவர்களாக அவர்கள் பெயர் வர வேண்டும்.

இரண்டு, தண்ணீரையும் காற்றையும் சோதிக்கும் ஆய்வகம் வடசென்னையின் அரசுக் கல்லூரிகளிலேயே வேண்டும். தன் தெருத் தண்ணீரைத் தானே சோதித்து, முடிவைத் தெருவில் ஒட்டுகிற வேதியியல் மாணவி வேண்டும். அந்தப் படிப்பை வைத்து இங்குள்ள ஆலைகளிலும் மாசுக் கட்டுப்பாட்டு வேலைகளிலும் அவள் நிரந்தரமாக நுழைய வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குக் காண்டிராக்ட் கூலி மட்டும்தான் வளர்ச்சியா?

மூன்று, வகுப்பு நேரம். பாபாசாகேப் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்று காலை வகுப்புகள் வைத்தார். கல்லூரி உழைப்பவரின் நேரத்துக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற துறைமுகத் தொழிலாளிக்கு இங்கே எந்தக் கதவு திறந்திருக்கிறது?

அந்தக் குப்பத்தில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. அன்றன்றைக்கு யார் எவ்வளவு இறால் பிடித்தார்கள், என்ன விலைக்குப் போனது, எந்த நாளில் தண்ணீர் நிறம் மாறியது என்று கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் எழுதுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆயா சொல்கிறார். நோட்டு அவர்கள் வீட்டிலேயே இருக்கும். எனக்கு வேண்டுமானால் நான் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை எண்ணெய் வந்தால் எடுத்துக் காட்ட அந்த நோட்டு இருக்கும். மற்ற குப்பங்களிலும் தொடங்க ஆள் வேண்டும். உங்களில் கணக்கு தெரிந்தவர்கள், வேதியியல் படித்தவர்கள், சும்மா உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். எழுதியதைத் திரும்ப வந்து படித்துக் காட்டுவேன் என்ற வாக்கோடு வாருங்கள்.

ஜெய் பீம்.