கட்டிய சிறகில் சுபசகுனமா?



விஜயதசமி தமிழர்களாகிய நமக்கு ஏடு தொடங்கும் நன்னாள். நாம் குடியேறி வாழும் இந்த ஹைதராபாத் மக்களுக்கோ அன்று மற்றொரு விசேஷமும் உண்டு. பாலபிட்ட என்னும் பறவையைக் காண்பது சுபசகுனம் என்பது அவர்களுடைய நெடுநாள் நம்பிக்கை. அது வேறொன்றுமன்று, நம் ஊர்ப் பனங்காடைதான். அமர்ந்திருக்கையில் பழுப்பாகத் தோன்றும். சிறகை விரித்தால் நீலம் பளிச்சிடும். 2014-இல் பிறந்த தெலங்கானா, இதனையே தன் மாநிலப் பறவையாக ஏற்றது.

வன்னி மரத்தை வழிபட ஊர்ப்புறம் செல்வோர் வயல்வெளியில் இதனைக் கண்டு மகிழ்வது வழக்கம். நகரம் பெருகிற்று, வயல் விலகிற்று. பறவை கூண்டிலேறி நகருக்கு வந்தது. கண்ணி வைத்துப் பிடித்து, சிறகையும் காலையும் கட்டி, காட்டிக் காசு பெறுவோர் தோன்றினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு தவறு செய்தோம். மனம் பொறாமல், கேட்ட பணத்தைக் கொடுத்து ஒரு பறவையை விடுவித்தோம். அது சில அடி தத்திச் சென்று சுவரோரம் ஒதுங்கிற்று. புண்ணியம் செய்த நிறைவுடன் வீடு திரும்பினோம். மாலையில் அவ்வழியே வந்தபோது, அதே கூண்டில் ஒரு பனங்காடை இருந்தது. வேறொன்றோ, அதுவேதானோ, அறியோம். நாம் ஈந்த பணம் அடுத்த கண்ணிக்கு முதலாயிற்று என்பது மட்டும் விளங்கிற்று.

சார்மினாரை அடுத்த முர்கி சவுக்கின் பறவைக் கடைகளுக்கும் இந்நியாயம் பொருந்தும். செல்லப் பிராணிக் கடைகள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டின் விதி. நாட்டுக் கிளியை விற்பது அறவே குற்றம். ஆயினும் ஆசையால் வாங்கினாலும் இரக்கத்தால் வாங்கினாலும், வெறுமையான கூண்டு மீண்டும் நிரம்பவே செய்யும். பிடிப்பவன் பெரும்பாலும் ஏழை; அவனை மட்டும் பழிப்பது எளிது. கிளி ஜோசியம் கேட்டுப் பழகிய நாம் பிற மக்களைக் குறை கூறுவதும் தகாது.

ஆதலின், வரும் விஜயதசமியன்று கூண்டைக் கண்டால் காசு கொடாதிருப்போம். வனத்துறைக்குச் செய்தி சொல்வோம். குழந்தைகளை விடியலில் ஊர்ப்புறம் அழைத்துச் செல்வோம். மின்கம்பியில் அமர்ந்த பனங்காடை தானே எழுந்து பறக்குமாயின், அதுவே சுபசகுனம். காணக் கிடைக்காவிடினும் குறையில்லை. நம்மால் ஓர் உயிர் கட்டுண்ணவில்லை என்ற நிறைவு போதும்.