பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரை படிச்சவள். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. எங்க ஊர் சமுதாயக் கூடத்தைப் பத்தி மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன்.

நான் கல்யாணமாகி வந்தப்பவே அந்தக் கூடம் பூட்டித்தான் கிடந்தது. திண்ணையில் ஆடு கட்டியிருப்பாங்க. உள்ளே ஒருத்தரோட நெல் மூட்டை. பொழுது சாய்ஞ்சா பின்பக்கம் பாட்டில் உடையுற சத்தம். பொம்பளைங்க அந்த வழியே போக மாட்டோம். எங்க ஆறு குழுவும் வேப்ப மரத்தடியில்தான் கூட்டம் போட்டோம். மழை வந்தா கணக்கு நோட்டை முந்தானையில் சுத்திக்கிட்டு ஓடுவோம்.

கூடத்தைக் கேட்டா, "பொம்பளைங்களுக்கு எதுக்குக் கட்டடம்?" என்றார்கள். நாங்கள் சண்டை போடவில்லை. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்குப் போனோம். 501 முதல் 3,000 பேர் வரை இருக்கிற ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். அன்றைக்கு வந்தவங்கள்ல பாதிக்கு மேல நம்ம குழுப் பெண்கள். கூடத்தைச் சரி பண்ணணும், ஒரு சாவி எங்ககிட்ட இருக்கணும்னு கேட்டோம். தீர்மான நோட்டில் எழுதிப் படிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

கூரை ஒழுகலையும் கரண்டையும் ஊராட்சி பார்த்துக்கிச்சு. கழுவுறது, வெள்ளையடிக்கிறது எங்க வேலை. நெல் மூட்டைக்காரர் ஒரு மாசம் இழுத்தார். ஒருநாள் காலையில் முப்பது பேர் போய், "அண்ணே, நாங்களே தூக்கிட்டு வந்து உங்க வீட்டுல வச்சிடுறோம்" என்று நின்னோம். மறுநாள் வண்டி வந்துடுச்சு.

இப்போ மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரா இருக்கிற எங்க குழுப் பொண்ணு, வாரம் ஒருநாள் அங்கே உட்கார்ந்து பிரஷர், சுகர் பார்க்குது. தலைசுத்தல் வயசுக் கோளாறுன்னு இருந்த ஒரு பெரியம்மாவுக்குப் பிரஷர் 190 இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், இப்போ மாத்திரை போடுறாங்க. சாயங்காலம் பிள்ளைங்க லைட் வெளிச்சத்தில் படிக்குதுங்க. வீட்டுக்காரர் போனதிலிருந்து வாசல் தாண்டாத ஒரு அக்கா, புளி கொட்டை எடுக்க வந்து உட்கார்றாங்க. முதல்ல பேச மாட்டாங்க. இப்போ அவங்க குரல்தான் பெரிசு.

இன்னொண்ணும் சொல்லணும். ஊர்த் தெருவும் காலனியும் ஒரே பாயில் உட்கார்ந்து டீ குடிக்கிறது அங்கேதான். முதல் மாசம் சிலர் வரலை. யாருக்காகவும் தனிப் பாய் போடலை. இப்போ பாதிப் பேர் வர்றாங்க. மத்தவங்களும் வருவாங்க.

கழிப்பறை மட்டும் இன்னும் இல்லை. அதிகாரிகள் இருக்கிற மேடையிலேயே கேட்டுக்கிறேன். உங்க ஊர்லயும் பூட்டின கட்டடம் இருந்தா, அடுத்த கிராம சபைக்கு எல்லாக் குழுவும் சேர்ந்து போங்க. தீர்மானத்தில் ஏறாம எழுந்து வராதீங்க.