தெளிந்த தண்ணீரும் துப்பிய பாசியும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு அனுபவம் பற்றிப் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். பனியையும் டாலரையும் எனக்கு முன்னால் பேசியவர்களே முடித்துவிட்டார்கள். ஆகவே நான் ஒரு சிப்பியைப் பற்றிப் பேசுகிறேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். அதனால் நான் பட்ட பாட்டுக்கு, இங்கே ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வைத்த அரியர் எவ்வளவோ தேவலை!

அமெரிக்காவில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில், ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. வரிக்குதிரைச் சிப்பி, அதன் பங்காளி குவாகா சிப்பி, இரண்டுமே அந்த ஏரிக்கு அந்நியம். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து ஜீவன்கள். கப்பல்கள் பாரம் சமநிலைக்காக ஏற்றிவரும் தண்ணீரில் குஞ்சுகளாக வந்தவை. 1988-ல் வரிக்குதிரைச் சிப்பியைப் பக்கத்து செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே மன்ரோ என்ற ஊரில் ஏரித் தண்ணீர் எடுக்கும் குழாயில் மொய்த்து, குடிநீரே தடைப்பட்டது.

ஒரு சிப்பி நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளில் வடிகட்டி, பாசியைத் தின்றுவிட்டு வெளியே விடும். கலங்கிக் கிடந்த ஏரி சில வருஷங்களில் தெளிந்தது. நம் ஊரில் குடத்துக்குள் தேற்றாங்கொட்டையை உரசித் தெளிய வைத்தவர்கள் வளர்த்த பிள்ளை நான். தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்பது ரத்தத்தில் ஊறியது. சேர்ந்த புதிதில் உற்சாகமாக ஒரு கணக்குப் போட்டேன். சதுர மீட்டருக்கு இத்தனை சிப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர், ஏரியின் கொள்ளளவு இவ்வளவு, ஆக இத்தனை நாளில் மொத்த ஏரியும் வடிகட்டி முடிந்தது! இதைக் காட்டிப் படிகாரச் செலவைக் குறைக்கலாம் என்று அறிக்கையும் எழுதினேன்.

என் மேலதிகாரி, ஓய்வு பெறும் வயதுக்காரர், படித்துவிட்டுச் சிரித்தார். "காற்றே இல்லாத நாளில் உன் சிப்பி எந்தத் தண்ணீரைக் குடிக்கும்?" என்று கேட்டார். அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தண்ணீர் அசையாமல் இருந்தால், தான் விட்ட தண்ணீரையேதான் அது திரும்ப இழுக்கும். தரையை ஒட்டிய ஒரு படலம் மட்டும் வெறும் தண்ணீராகும். மேலே பாசி பாட்டுக்கு வளரும். காற்றடித்து ஏரி கலந்தால்தான் மேல் தண்ணீர் அதன் வாய்க்குப் போகும். ஒரு லிட்டர் என்பதும் நிலையான எண் இல்லை. ஆற்று வண்டல் அதிகமானால் வடிகட்டும் வேகம் குறையும். இரை மிதமிஞ்சிக் கிடைத்தாலும் குறையும், வயிறு நிறைந்தவன் பந்தியில் கை கழுவுவது போல. குளிர் வந்தால் வரிக்குதிரைச் சிப்பி மந்தமாகிவிடும். குவாகா அப்படியில்லை. நாலைந்து டிகிரியிலும் வேலை செய்யும், நூறு மீட்டர் ஆழத்திலும் குடியேறும். மிச்சிகன் ஏரியில் கோடையில் வெந்நீர் மேலும் தண்ணீர் கீழுமாகப் பிரிந்து நிற்பதால் ஆழத்துச் சிப்பிக்கு மேல்பாசி எட்டாது. குளிர்காலம் முதல் வசந்தம் வரை ஏரி மேலும் கீழும் கலக்கும்போது அதற்கு விருந்து. ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே பூத்துவந்த டயாட்டம் பாசி 2000-க்குப் பிறகு ஏறக்குறைய மறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இத்தோடு போனால் பரவாயில்லை. சிப்பி ருசி பார்க்கும், ஐயா! மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி, பல வகைகள் நஞ்சுள்ளவை, கூட்டமாக வந்தால் சளியில் உருட்டி உயிரோடு வெளியே துப்பிவிடும். நல்ல பாசியைத் தின்று, கெட்ட பாசிக்குப் போட்டியில்லாமல் செய்து, தன் கழிவால் உரமும் போடுகிறது. வயல்களிலிருந்து மாமி ஆற்றில் வரும் பாஸ்பரஸ்தான் முதல் குற்றவாளி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழி முழுவதையும் சிப்பி மேல் போட்டுவிடக் கூடாது. 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றார்கள். இந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாது.

இனி என் தவறு. 2017 கோடை. சிப்பி ஒட்டாமல் இருக்க, ஏரிக்குள் குழாயின் வாயிலேயே குளோரின் விடுவோம். விட்டு விட்டுக் கொடுத்தால் பெரிய சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். சாகடிக்க வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அந்த மும்முரத்தில் இருந்தேன். பாசி பூத்து ஏரி பச்சையாகிக்கொண்டிருந்தது, நான் குளோரினை நிறுத்தவில்லை. நஞ்சு பாசியின் செல்லுக்குள் இருக்கும்வரை படிகாரமும் மணல் படுகையும் பிடித்துவிடும். குளோரின் செல்லை உடைத்தால் நஞ்சு கரைந்து தண்ணீரோடு வந்துவிடும், மணல் என்ன செய்யும்? ஆய்வக அம்மா ராத்திரி போன் செய்து, "கரைந்த நஞ்சு ஏறுகிறது, வெளியே என்ன செய்கிறாய்?" என்றார். குளோரினை நிறுத்தினோம், கரித்தூளைக் கொட்டினோம். ஊருக்குப் போன தண்ணீர் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் விடியும்வரை ஒவ்வொரு அளவீட்டுக்கும் நான் பட்ட அவஸ்தை! என் வீட்டுக் குழாயிலும் அதே தண்ணீர்தான், மகளுக்கு அப்போது எட்டு மாதம். குளோரினை நிறுத்தியதற்குத் தண்டனையாக, இலையுதிர் காலத்தில் முக்குளிப்பவர்களை இறக்கிக் குழாயைச் சுரண்ட வேண்டியதாயிற்று.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணூர், பழவேற்காடு உவர்நீரில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அமெரிக்கச் சிப்பி படுகையை மூடிக்கொண்டிருக்கிறது. அதுவும் வடிகட்டித் தின்பதுதான். உப்பு கூடும்போது, வண்டல் வரும்போது எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்க்க ஒரு பீக்கரும், கொஞ்சம் பாசியும், கடிகாரமும் போதும். நான் இந்த மாதக் கடைசிவரை ஊரில் இருப்பேன். யாராவது செய்வதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வந்து கூட உட்காருகிறேன்.