வீட்டின் சாவி யாரிடம்? பார்வையற்ற, பல்வகைக் குறைபாடுள்ள பெரியோரின் வாழிடம்

பத்துமலையில் நிகழும் இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள் இத்துறையினர் அறிந்ததும் பல்லாண்டுகளாகத் தீராததுமான ஒரு வழக்கு என்பதால் முன்னுரை வேண்டியதில்லை.

பார்வையின்மையோடு செவிக்குறை, அறிவு வளர்ச்சிக் குறை, இயக்கக் குறை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ சேர்ந்திருக்கும் நிலையே இங்குப் பல்வகைக் குறைபாடு எனப்படுகிறது. மலேசியச் சமூகநலத் துறை தன் பதிவேட்டின் ஏழு பிரிவுகளுள் ஒன்றாக, எந்தக் குறைகள் சேர்ந்தாலும் அடங்கும் விரிந்த பொருளில், அதனை வைத்துள்ளது. பெற்றோரின் காலத்திற்குப் பிறகு இக்குறைபாடுள்ளோர் எங்கே வாழ்வது என்ற கேள்விக்குத் துறையறிஞருள் பலர் தரும் விடை, நகருக்கு வெளியே, வேலியிட்ட நிலத்தில், இரவும் பகலும் பணியாளர் இருக்கும் ஓர் அன்பு இல்லம் என்பதாகும். பரிவிலிருந்து பிறந்த விடைதான், ஆயினும் பிழையானது. வாழிடமும் உதவியும் ஒரே நிருவாகத்தின் கையில் இருந்தாக வேண்டும் என்று அது கொள்வதில்தான் பிழையின் வேர் இருக்கிறது. அதற்கு மாறாக, வாடகை ஒப்பந்தமும் வாசற்கதவின் சாவியும் வாழ்பவரிடம் இருக்க, உதவியாளர் மட்டும் தேவையான மணிநேரங்களுக்கு அவ்வீட்டிற்கு வந்து செல்லும் ஏற்பாடே இங்கு 'ஆதரவுடன் வாழ்தல்' எனப்படுகிறது. உதவி பிடிக்காவிட்டால் உதவியாளர் மாறுவார். வாழ்பவர் வெளியேற நேராது.

இவ்வேற்பாட்டிற்கான சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை; அது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே நிலைகொண்டது; அவ்வாண்டு அக்டோபரில் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கிய பயிற்சி நிலையமும் அங்கேயே அமைந்தது. பயிற்சிக்காக வந்தவர்களுள் பலர் ஊர் திரும்பாமல் அக்கம்பக்கத்தில் அறையெடுத்துத் தங்கினர். தொலைபேசி இணைப்பாளர் வேலைக்குச் சென்றோரும் பின்னாளில் உடம்புப்பிடி நிலையங்களில் தொழில் செய்தோரும் அதே தெருக்களில் குடும்பம் நடத்தினர். 1964-இல் பார்வையற்றோர் தாமே நடத்தும் மலேசியப் பார்வையற்றோர் கழகமும் எழுந்தது. வெள்ளைக்கோலுக்கு வழிகாட்டும் மேடுபள்ளக் கற்கள் நடைபாதையில் பதிக்கப்பட்டன. ஆனால் கற்களைவிட முக்கியமானது, துன் சம்பந்தன் சாலையின் கடைக்காரர்களும் சாப்பாட்டுக் கடைப் பணியாளர்களும் பேருந்து ஓட்டுநர்களும், கோலோடு வரும் ஒருவருக்கு எப்போது தோள் கொடுப்பது, எப்போது விலகி நிற்பது என்பதைப் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்திருப்பதாகும். இவ்வறிவு எந்தக் கட்டடத்திற்கும் வரவுசெலவுத் திட்டத்திற்கும் உள்ளே அடங்காது. உதவியை ஓர் ஊரே தன் தெருக்களில் பரவலாக வைத்திருக்க முடியும் என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் மெய்ப்பித்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தரும் இச்சான்று தனியே நடமாட வல்ல பார்வையற்றோருக்கு மட்டும் பொருந்தும் என்பதே எதிர்த்தரப்பின் வலுவான மறுப்பு. பார்வையும் செவியும் ஒருங்கே குறைந்த ஒருவர் தனியே தெருவைக் கடக்க இயலாதிருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதிலிருந்து அவருக்கு உதவி மணிநேரம் கூடுதலாக வேண்டும் என்பதுதான் பெறப்படுமேயன்றித் தெருவே வேண்டாம் என்பது பெறப்படாது. இத்தகையோரோடு பழகுவோர், உணவுக்கு முன் கரண்டியையும் வெளியே செல்லுமுன் பையையும் கையில் கொடுத்து, அடுத்து நிகழவிருப்பதை உணர்த்துவர். இதனைத் தொட்டுணர் அடையாளம் என்பர். பூக்கடையின் மணம், படியின் உயரம், நாள்தோறும் கை கொடுக்கும் அதே கடைக்காரரின் கை ஆகியவையும் அவ்வாறே அடையாளங்களாகும். பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்துமலைக்குக் கொம்யூட்டர் ரயில் வருகிறது; பிரிக்பீல்ட்ஸ்வாசி ஒருவர் உதவியாளர் ஒருவருடன் தாம் விரும்பிய வெள்ளிக்கிழமையில் முருகனைத் தொழ வரலாம். மலைக்கோயிலின் 272 படிகளில் ஏற இயலாதவரும் அடிவாரத்தில் கூட்டத்தோடு நின்று வழிபடலாம். வேலிக்குள் வாழ்பவரோ இல்லத்தின் வண்டி புறப்படும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியவர். பிறந்தநாளன்று இல்லங்களுக்குச் சென்று விருந்தளிக்கும் நம் மக்களின் நல்வழக்கத்திலும், அங்குள்ளோர் எப்போதும் விருந்து பெறுவோரே. விருந்தோம்பும் வாய்ப்பு அவர்களுக்குச் சொந்த வீட்டில்தான் கிடைக்கும்.

சட்டநிலையைச் சுருக்கமாகக் காணலாம். மலேசியா 2010-இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடற்குறையுள்ளோர் உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேரும் உரிமையை உடற்குறையுள்ளோருக்கு உறுதி செய்கிறது. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் சட்டமோ மீறுவோருக்குத் தண்டனை எதுவும் வகுக்காதது. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்கும் உறைவிடங்களையே கண்காணிப்பதால், இருவரோ மூவரோ வாழும் சிறு வீட்டிற்கு ஏற்ற ஒழுங்குமுறை தனியே வகுக்கப்பட வேண்டும்.

இனி வேண்டிய ஆய்வுகள் சில உள்ளன. சுவீடன் தன் பெரிய இல்லங்களைச் சட்டத்தின் வழி மூடியதும், சென்னையின் 'தி பான்யன்' அமைப்பு மனநோயுற்றோருக்கு ஊர்களுக்குள் வாடகை வீடுகள் எடுத்துக் கொடுத்ததும் ஒப்பாய்வுக்கு உரியவை. பிரிக்பீல்ட்ஸில் வாடகை உயர்வு பார்வையற்றோரை எங்கே தள்ளியுள்ளது என்பது ஆராயப்பட வேண்டும். பேசாதவரின் விருப்பத்தை அறியும் முறைகள் தமிழிலும் மலாயிலும் தொகுக்கப்பட வேண்டும். உதவியாளர் பயிற்சி, இரவு நேர உதவி, மூத்த பெற்றோரின் சொத்துப் பொறுப்பு ஆகியவை பற்றியும் ஆய்வு தேவை. இவற்றுக்கெல்லாம் முன்பாக, இவ்வறக்கட்டளை அடுத்த நிதியைப் புதிய கட்டடம் எதற்கும் தராமல், பல்வகைக் குறைபாடுள்ள இருவரின் பெயரில் பிரிக்பீல்ட்ஸில் எடுக்கப்படும் ஒரு வீட்டின் வாடகைக்கும் அவர்களுடைய உதவியாளரின் சம்பளத்திற்கும் ஒதுக்க வேண்டும்.